கை நனைக்காத வீடு

கண்ணா,

நானும் அப்பாவும் நல்லாத்தான் இருக்கோம். அதை எழுதி ரெண்டு வரியை வீணாக்கப் போறதில்ல. ஞாயித்துக்கிழமை நீ போன் பேசி வச்சதுலருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. குக்கர்ல பருப்பைப் போட்டுட்டுத் தண்ணி ஊத்த மறந்துட்டேன். கருகின வாசனைக்கு உங்கப்பா எழுந்து வந்து, "என்னடி ஆச்சு, சிட்னியில அவன் எவளையாவது பாத்துட்டானா?"னு கேட்டாரு. அப்படி இருந்தாக்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டேன், போய் ஜன்னலைத் திறங்கன்னு விரட்டி விட்டேன்.

பின்னே என்னடா? நீ பாட்டுக்கு ஒரே மூச்சுல கொட்டிட்டே. உன் காலேஜ் ஃபுட்பால் அணிக்குப் புதுசா தலைமைக் கோச் தேர்ந்தெடுக்கப் போறாங்க, ஆட்டக்காரங்க சார்பா உன்னைக் கமிட்டியில போட்டிருக்காங்க, விண்ணப்பம் போட்டவங்கள்ல ஒருத்தர் நம்ம ராஸ். "பாவம்மா அவரு. மெல்பர்ன்ல அன்னைக்கு நீ அவருக்கு ஓட்டுப் போட்டும் தோத்துட்டாரு. இந்தத் தடவை நான் போட்டு ஜெயிக்க வைக்கிறேன் பாரு. சனிக்கிழமை மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காரு. அவர் வந்தா நான்தான் கேப்டன்னு சொல்லிட்டாரும்மா!" நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பூத்துல நீ போட்ட காசு தீர்ந்து லைன் போயிடுச்சு. நான் ரிசீவரைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். திரும்பக் கூப்பிட உன் ரூம்ல போனும் கிடையாது. அதனாலதான் காகிதம். வெள்ளிக்கிழமைக்குள்ள டூங்கபியில உன் ரூமுக்கு வந்து சேரணும்.

சுத்தி வளைக்காமச் சொல்லிடுறேன். நான் ராஸுக்கு ஓட்டுப் போடல. நாலு வருஷமா நீ நினைச்சுக்கிட்டிருக்கிறது தப்பு. அவனைத் தோக்கடிச்ச அந்த ஒரு ஓட்டு என்னோடதுதான். பள்ளிக்கூடத்துல உன்னோட கடைசி வருஷம் பூரா உன்னை ரெண்டாவது அணியில கொண்டுபோய்ப் போட்ட ஆல்ஃபைக் கோச்சாக்கினது உன்னைப் பெத்தவதான். உக்காந்துக்கோ, தண்ணி குடி, அப்புறம் மீதியைப் படி. அம்மா மன்னிப்புக் கேக்கத்தான் இவ்வளவு எழுதுறாள்னு மட்டும் நினைச்சுடாதே. அன்னைக்குச் செஞ்சதை இன்னைக்கும் செய்வேன். ஆனா நீ இப்போ நான் உக்காந்த அதே நாற்காலியில போய் உக்காரப் போறே. எதிர்ல நிக்கப்போறவனும் அதே ஆளு. நடந்ததைத் தெரிஞ்சுக்காம நீ கையைத் தூக்கக்கூடாது. அதுக்குத்தான் இந்தக் காகிதம்.

உனக்குத் தெரிஞ்ச கதைதான், இருந்தாலும் முதல்லருந்தே வர்றேன். நம்ம காலேஜ்ல, பேருதான் காலேஜ், மத்தபடி பள்ளிக்கூடம்தான், பழைய கோச்சுக்கு நெஞ்சுவலி வந்து ஊரை விட்டே போனாரு இல்லையா, அப்போ டீச்சர்கள்ல ஒருத்தர் தேர்வுக் கமிட்டியில இருக்கணும்னு பிரின்ஸிபால் சொன்னாரு. ஆம்பளைங்க அதுக்கு அடிச்சுக்கிட்டாங்க. சரி, சீட்டுப் போட்டு எடுப்போம்னு ஸ்டாஃப் ரூம் டீ கோப்பையில எல்லார் பேரையும் போட்டுக் குலுக்கினா, வந்து விழுந்தது என் பேரு. புடவை கட்டின கெமிஸ்ட்ரி டீச்சர் ஃபுட்பாலுக்குக் கோச் தேடப் போறாள்னு ஒரே சிரிப்பு. எனக்கு அப்போ அந்த ஆட்டத்துல என்ன தெரியும்? இந்த ஊரு ஃபுட்பால்ல பந்து உருண்டையா இருக்காது, முட்டை மாதிரி இருக்கும், அதைக் கையாலயும் பிடிப்பாங்க, அவ்வளவுதான் தெரியும். என் மகன் அணியில ஆடுறானே, நான் இருக்கலாமான்னு பிரின்ஸிபாலைக் கேட்டேன். கமிட்டியில எல்லாருக்குமே பிள்ளையோ அண்ணன் பிள்ளையோ ஆடுறான், நீங்க ஒருத்தர் எதுக்கு விலகணும்னு அவரு சிரிச்சாரு.

மத்த நாலு பேரும் முன்னாடியே கட்சி கட்டிட்டாங்க, அது உனக்குத் தெரியாது. பிரின்ஸிபாலும் விளையாட்டு ஆசிரியரும் ஆல்ஃப் பக்கம். அவரு சின்னப் பையங்க அணிக்கு வருஷக்கணக்கா சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்த ஆளு, முகத்துல சிரிப்பே வராத ஆளு. பழைய மாணவர் சங்கத்துக்காரரும் பெற்றோர் சங்கத்து அம்மாவும் ராஸ் பக்கம். அவன் பெரிய கிளப்புல ஆடினவன், டிவியில வந்தவன், கிளப் மைதானத்துக்குள்ள நடந்து வந்தா பையங்க பின்னாலயே ஓடுவாங்க. நீயும்தான் ஓடினே. ஆக, தீர்மானிக்கிறது என் ஒரு ஓட்டு. ஆட்டம் தெரியாதவளுக்கு ஆளையாவது தெரிஞ்சுக்கணும் இல்லையா? நம்ம பக்கம் ஒரு சம்பந்தம்னு வந்தா என்ன செய்வோமோ அதைச் செஞ்சேன். வீட்டுக்குப் போய் விசாரிச்சுட்டு வந்துடுவோம்னு கிளம்பினேன். இந்த ஊர்ல கமிட்டியில இருக்கிறவ விண்ணப்பம் போட்டவன் வீட்டுப் படியேறக் கூடாதுங்கிறது எனக்குத் தோணவே இல்ல. ஒரு நல்லது கெட்டதுக்கு முன்னாடி வீட்டைப் பாக்காம எப்படி முடிவு பண்றது, சொல்லு?

சம்பந்தம் பேசப் போற வீட்ல நாம கை நனைக்க மாட்டோம், அது உனக்கும் தெரியும். உக்காருவோம், பேசுவோம், சிரிப்போம். ஆனா முடிவாகுற வரைக்கும் சாப்பிட மாட்டோம். சாப்பிட்டாச்சுன்னா சரின்னு சொன்னதாத்தான் அர்த்தம், அப்புறம் வேண்டாம்னு சொல்ல வாய் வராது. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ உங்கப்பா பெரியவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள கேசரித் தட்டைக் காலி பண்ணிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமான்னு வேற கேட்டாரு. உங்க அத்தை அவரு தொடையைக் கிள்ளினாளாம். நகை விஷயத்துல ஏதோ இழுபறின்னு பேச்சு நின்னு போற நிலைமை. எங்கப்பா விடுவாரா? "மாப்பிள்ளைதான் கை நனைச்சாச்சே"ன்னு ஒரே போடாப் போட்டாரு. அந்த ரெண்டாவது தட்டு கேசரியாலதான்டா நீ பொறந்தே. சிரிக்கச் சொல்லல, கேட்டுக்கோ.

ராஸ் வீட்டுக்குப் போன அந்தச் சனிக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில மைதானத்துல ஓடிட்டு வந்து குளிச்சுட்டு, "அம்மா, பசி"ன்னு வந்து நின்னே. "பத்து நிமிஷ வேலை, வந்து சாப்பிடலாம், வண்டியை எடு"ன்னு உன்னைக் கிளப்பினேன். எனக்கு அப்போ கார் ஓட்ட வராது, உங்கப்பா ஆபீஸ் போயிட்டாரு. கிளென் வேவர்லியில நம்ம வீட்லருந்து கடற்கரைப் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள வெயில் உச்சிக்கு வந்துடுச்சு. போனா, வாசல்லயே புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நிக்கிறாங்க. உள்ளே மேஜை மேல விருந்து. நாம வர்றோம்னு நீ முன்னாடியே அவன்கிட்டச் சொல்லி வச்சிருந்தே, மாட்டுக்கறி ஆகாதுன்னும் சொல்லியிருந்தே. அந்த ஷர்லி, அவன் பொண்டாட்டி, பாவம், ஏதோ பத்திரிகையைப் பாத்துக் கோழிக் குழம்பு வச்சிருந்தா. அதுல உலர்ந்த திராட்சை, ஆப்பிள் துண்டு, மேலே வாழைப்பழம். ஐயோ! ஆனா அவ எவ்வளவு ஆசையாப் பரிமாறினா தெரியுமா. எனக்கு அவ முகத்தைப் பாக்கவே சங்கடமா இருந்துச்சு.

நான் தட்டைத் தொடல. ரொம்ப காரமா இருக்குமோன்னு அவ கேட்டா. எனக்குப் பொய் சொல்ல வரல. வயித்துக்குச் சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கதையே வேற. நான் என்ன பண்ணினேன்? டீச்சர் புத்தி, பாடம் எடுத்தேன். எங்க ஊர்ல ஒரு காரியம் பேசப் போனா, அது முடிவாகுற வரைக்கும் அந்த வீட்ல கை நனைக்க மாட்டோம், தப்பா நினைச்சுக்காதீங்கன்னு நல்ல இங்கிலீஷ்ல விளக்கினேன். ராஸ் கரண்டியைக் கீழே வச்சான். என்னைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், பெருசாச் சிரிச்சான். "அவ்வளவுதானா? அப்போ இப்பவே முடிச்சிடுவோம். உங்க பையன் முதல் அணியில ஆடுவான். முதல் ஆட்டத்துலருந்தே அவன்தான் கேப்டன். காரியம் முடிஞ்சுது. இப்போ சாப்பிடுங்க." அவன் சொன்னதை என் தமிழ்ல எழுதுறேன், ஆனா ஒரு வார்த்தை கூட்டல.

நானே சாவியை எடுத்து அவன் கையில கொடுத்த மாதிரி ஆயிடுச்சே! மேஜைக்கு அந்தப் பக்கம் உன் முகத்தைப் பார்த்தேன். கண்ணா, உன் முகம் அப்படி மலர்ந்து நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. இந்த ஊருக்கு வந்த நாள்லருந்து உன் பேரைச் சரியாக் கூப்பிடத் தெரியாத பசங்களுக்கு நடுவுல, உன் டிபன் டப்பாவை மோந்து பார்த்து மூக்கைப் பிடிச்ச பசங்களுக்கு நடுவுல, நீ கேப்டன். நீ என்னைப் பார்த்தே. நான் தலையை ஆட்டுவேன்னு காத்துக்கிட்டிருந்தே. நான் ஆட்டல. வேண்டாம்னும் சொல்லல. நீ ஸ்பூனை எடுத்தே. சாப்பிட ஆரம்பிச்சே. ஷர்லி ரெண்டாவது தடவை போட்டா, அதையும் சாப்பிட்டே. ராஸ் என் தட்டைக் காட்டி, "இன்னும் என்ன?"ங்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினான். என் தொண்டை காஞ்சு கிடந்துச்சு, எதிர்லயே ஐஸ் போட்ட தண்ணி. நான் அதையும் தொடல.

திரும்பி வரும்போது டான்டினாங் ரோடு பூரா நீ என்னைத் திட்டினே. "ஏம்மா அவங்களை அவமானப்படுத்தினே? ஒரு வாய் சாப்பிட்டா என்ன குறைஞ்சு போயிடும்? அவருக்குத்தானே ஓட்டுப் போடுவே? சொல்லும்மா, போடுவேல்ல?" நான் "பாக்கலாம்"னேன். நம்ம வீட்ல நான் பாக்கலாம்னு சொன்னா அது சரின்னுதான் அர்த்தம்னு நீ சின்ன வயசுலருந்து பழகிட்டே. உடனே சமாதானம் ஆயிட்டே, விசில் அடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டினே. நானும் திருத்தல. அன்னைக்குத் திருத்தாம விட்ட அந்த வார்த்தைதான் நாலு வருஷமா நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்திருக்கு.

அடுத்தது ஆல்ஃப் வீடு. அதுக்கு உன்னைக் கூப்பிடல. கமிட்டிக் கூட்டத்துக்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நானே பஸ் பிடிச்சு மல்கிரேவ் போனேன். வடக்கேருந்து அனல் காத்து அடிக்குமே, அப்படி ஒரு நாளு. பஸ் ஸ்டாப்லருந்து மரமே இல்லாத புதுத் தெருவுல நடந்து நடந்து புடவை உடம்போட ஒட்டிக்கிச்சு. மனுஷன் வாசல்ல தக்காளிச் செடிக்கு ரப்பர் குழாய்ல தண்ணி விட்டுக்கிட்டிருந்தாரு. என்னைப் பார்த்ததும் குழாயை நிறுத்திட்டு கேட் பக்கம் வந்தாரு. வந்தவரு கேட்டைத் திறக்கல. "மேடம், நாளைக்கு நீங்க என்னைக் கேள்வி கேக்கப் போறவங்க. இன்னைக்கு உங்களை உள்ளே கூப்பிடுறது முறையில்ல. மன்னிக்கணும்." நான் சும்மா விடுவேனா? "என் மகனைப் பத்தி ஒண்ணே ஒண்ணு"ன்னேன். "அதையும் நாளைக்கு எல்லார் முன்னாடியும் கேளுங்க, சொல்றேன்." சரி, ஒரு டம்ளர் தண்ணியாவது கொடுங்கன்னேன். கையில குழாயை வச்சுக்கிட்டு அந்த மனுஷன் ஒரு நிமிஷம் யோசிச்சாருடா! யோசிச்சுட்டு, "தெரு முனையில கடை இருக்கு, இன்னும் மூடியிருக்க மாட்டாங்க"ன்னு கையைக் காட்டினாரு.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னன்னு சொல்ல! தாகம்னு வந்தவளுக்குப் பச்சைத் தண்ணி தராத வீடும் ஒரு வீடா? நம்ம ஊரா இருந்தா அந்தத் தெருவே அவருகூடப் பேச்சு வார்த்தை வச்சுக்காது. கடையில லெமனேட் வாங்கி பஸ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டே குடிச்சேன். இவனுக்கு என் ஓட்டா, செத்தாலும் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து உங்கப்பாகிட்டப் பொரிஞ்சு தள்ளினேன். நீயும் பக்கத்துல இருந்தே. "நான்தான் சொன்னேனேம்மா, அந்தாளு ஒரு கல்லு"ன்னு நீ சந்தோஷமாச் சொன்னே. நானும் ஆமான்னேன். ஆமாம், சொன்னேன். மறுநாள் காலையில நான் வீட்டை விட்டுக் கிளம்பினப்போ என் ஓட்டு ராஸுக்குத்தான்.

கூட்டம் லைப்ரரியில நடந்துச்சு. முதல்ல ராஸ் வந்தான். அழகாப் பேசினான். என் முறை வந்தப்போ நான் கேக்க வேற ஒண்ணும் இல்ல. "என் மகனை எங்கே ஆட வைப்பீங்க?"ன்னு கேட்டேன். வீட்ல சொன்னதை இங்கேயும் சொல்லட்டும், எல்லாருக்கும் தெரிஞ்சே நடக்கட்டும், அப்போ எனக்கும் மனசு உறுத்தாதுன்னு நினைச்சேன். நெஜமா அப்படித்தான் நினைச்சேன். அவன் என் கண்ணை நேராப் பார்த்து, "மேடம், இந்தக் காலேஜ்ல எந்தப் பையன் ஆடியும் நான் இன்னும் பார்க்கல. எந்தப் பெத்தவங்ககிட்டயும் நான் வாக்குக் கொடுக்கிற வழக்கமும் இல்ல"ன்னான். எல்லாரும் தலையை ஆட்டினாங்க, பிரின்ஸிபால்கூட. வாக்குக் கொடுக்கலன்னு பொய் சொன்னது இருக்கட்டும். அவன் சொன்னதுல முதல் பாதி நெஜம்டா! நீ ஆடி அவன் பார்த்ததே இல்ல. உன்னைப் பார்க்காமலே உன்னைக் கேப்டன் ஆக்கினான். அந்த மேஜையில அவன் விலை பேசினது என்னைத்தான், உன்னையில்ல. உன் மலர்ந்த முகத்தைக் கருவேப்பிலை மாதிரி குழம்புல கிள்ளிப் போட்டிருக்கான்.

அடுத்தது ஆல்ஃப். அதே கேள்வி. அவரு யோசிக்கவே இல்ல. "ரெண்டாவது அணியில." ஏன்னேன். "உயரமா வர்ற பந்தைப் பிடிக்க எகிறும்போது உங்க பையன் கண்ணை மூடிக்கிறான். பெரிய பசங்க நாலு பக்கமிருந்தும் மோத வருவாங்க. கண்ணை மூடினவன் கழுத்தை உடைச்சுக்குவான். கண்ணைத் திறந்து வச்சுக்கப் பழகுற வரைக்கும் அவனை முதல் அணியில இறக்க மாட்டேன்." பழைய மாணவர் சங்கத்துக்காரர் பதறிப் போய், "அந்த அம்மா எதிர்லயே உக்காந்திருக்காங்கய்யா"ன்னு முனகினாரு. "கேட்டாங்க, சொன்னேன்"னு அந்த மனுஷன் கையைக் கட்டிக்கிட்டாரு.

எழுந்து போய் நாலு கேள்வி கேக்கணும்னு வாய் துடிச்சுது. ஆனா உள்ளுக்குள்ள எனக்குத் தெரியும். ஊசி போடப் போனா நீ கண்ணை மூடுவே. தீபாவளிக்கு வெடி வைக்கிறப்போ திரியைப் பத்த வச்சுட்டுக் கண்ணை மூடிக்கிட்டு ஓடிச் சுவத்துல மோதிக்கிட்டே, நெத்தியில அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. பெத்தவளுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்தக் கல்லு மனுஷன் அதைப் பார்த்து வச்சிருக்காரு. முந்தின நாள் வெயில்ல என்னை நிக்க வச்சது ஞாபகம் வந்துச்சு. தண்ணி தரல. சரி, நான் மட்டும் என்ன? ஷர்லி ஐஸ் போட்டு வச்ச தண்ணியை நானும்தானே தொடல. அவரு கேட்டை மூடி வச்சதும் நான் வாயை மூடி வச்சதும் ஒரே காரியம்தானே. கோபம் அப்பவும் அடங்கல. கோபத்தோடயேதான் சீட்டுல அவரு பேரை எழுதினேன். எழுத்துகூட கோணலாத்தான் வந்துச்சு.

ராஸ் பேரம் பேசினதை ஏன் அங்கேயே போட்டு உடைக்கலன்னு நீ கேப்பே. உடைச்சிருந்தா அடுத்த கேள்வி என்ன வரும்? "அப்போ உங்க மகன் என்ன செஞ்சான்?" நீ சாப்பிட்டே. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டே. உன் பேரு அந்த ரூம்ல அடிபடுறதை என்னால தாங்கிக்க முடியாது. ஒரு ஓட்டு வித்தியாசம்னு மட்டும் பிரின்ஸிபால் வெளியில சொன்னாரு. நான் வீட்டுக்கு வந்தேன், நீ என் தோள்ல சாஞ்சு அழுதே. "நீ உன்னால ஆனதைச் செஞ்சேம்மா"ன்னே. நான் உன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஆல்ஃப் நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னாரே, ஞாபகம் இருக்கா? நீ ரூமைச் சாத்திக்கிட்டு ரேடியோவை அலற விட்டே. "இப்போ எல்லாம் முடிவாயிடுச்சு. இப்போ நீங்க ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தா குடிப்பேன். அன்னைக்கு உங்களை அனுப்பின பிறகு எனக்குத் தூக்கமே இல்ல"ன்னாரு. உப்புமா கிண்டிப் போட்டேன். பச்சை மிளகாயோட மென்னு தின்னு கண்ணுல தண்ணி வடிய வடிய, ஒரு பருக்கை மிச்சம் வைக்கல. போகும்போது உன் ரூம் கதவைப் பார்த்துட்டு, "கோபம் இருக்கட்டும், பயிற்சிக்கு மட்டும் வரச் சொல்லுங்க"ன்னாரு. நீ போனே. திட்டிக்கிட்டே போனே. பள்ளிக்கூடம் விட்டப்புறம் அவரு பந்தை உயர உதைக்கிறதும், நீ கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுப் பிடிக்கப் பழகினதும் நான் லேப் ஜன்னல்லருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். முதல் அணிக்கு நீ கடைசி வரைக்கும் போகல. ராஸ் போய்ச் சேர்ந்த காலேஜ் அந்த வருஷமே கோப்பை வாங்கிடுச்சு. நம்ம காலேஜ் அடியிலருந்து ரெண்டாவது. இதையும் மறைக்காமத்தான் சொல்றேன். ஜெயிக்கத் தெரிஞ்சவன்தான் அவன்.

அதனால அவனுக்குப் போடாதேன்னு நான் சொல்லப் போறதில்ல. உன் ஓட்டு, உன் கை. உங்க அணிக்கு அவன்தான் நல்லதுன்னு நீ நினைச்சா தாராளமாப் போடு, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா கமிட்டி முன்னாடி அவனை நிக்க வச்சுக் கேளு: யாரு கேப்டன்? சிட்னிக்கு வந்தப்புறமாவது நான் ஆடி ஒரு தடவை பார்த்திருக்கீங்களா? வீட்ல சொன்னதை அங்கேயும் சொன்னான்னா, நான் அவனைப் பத்தி எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போட்டுடு. என் மேல உனக்குக் கோபம் வரும். வரட்டும். நாலு வருஷமா நான் உன்கிட்ட வாங்கின அன்புல கொஞ்சம் நான் சம்பாதிக்காதது. அது உள்ளுக்குள்ள முள்ளாக் குத்திக்கிட்டேதான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணலன்னா நான் புரிஞ்சுக்குவேன். ஆனா போன் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன்.

மன்னிப்புக் கேக்க மாட்டேன்னு சொன்னேன் இல்ல? எழுதி எழுதி இங்கே வந்து நிக்கிறப்போ, கேக்க வேண்டியது ஒண்ணு இருக்குன்னு தெரியுது. ஓட்டுக்காக இல்ல. அந்தச் சனிக்கிழமை நீ பசின்னு சொன்னே. வந்து சாப்பிடலாம்னு உன்னை இழுத்துக்கிட்டுப் போனேன். நான் காலையில நாலு இட்லி தின்னுட்டு உக்காந்திருந்தேன்டா, அதனாலதான் என்னால தட்டைத் தொடாம இருக்க முடிஞ்சுது. நீ ஓடிட்டு வந்த பிள்ளை, வெறும் வயிறு. உன்னை அந்த மேஜை முன்னாடி உக்கார வச்சுட்டு, நீ கை நனைச்சுட்டேன்னு நாலு வருஷமா உன் மேல மனசுக்குள்ள குறை வச்சிருந்தேன். அதுக்கு மட்டும் அம்மாவை மன்னிச்சுடு.

சனிக்கிழமை போறதா இருந்தா போ. போகாதேன்னு சொல்லல. இந்தக் காகிதத்தோட வர்ற பார்சல்ல ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் வச்சிருக்கேன், மூடியை இறுக்கித் துணி சுத்தியிருக்கேன். காலையில சோறு வடிச்சுப் பிசைஞ்சு, வயிறு நிறைய சாப்பிட்டுட்டு அப்புறம் கிளம்பு.

அம்மா